பொட்டு வைத்த பிரெயில் மிஷின்

ரோட்டர்டாமில் சாலையைக் கடக்க என் கையை யாரும் பிடிப்பதில்லை. சிக்னல் கம்பம் ஒன்று டிக் டிக் என்கிறது. வேகமாக அடித்தால் போகலாம், அவ்வளவுதான். தூத்துக்குடியில் நான் சும்மா நின்றாலே போதும், யாராவது ஒரு அண்ணாச்சி தரதரவென்று எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிடுவார். "ஏளா, பாத்துப் போ" என்று பிறவியிலேயே பார்வையில்லாத எனக்குப் புத்திமதி வேறு! பஸ்ஸுக்காக இந்தப் பக்கம்தான் நிற்கிறேன் என்று சொல்ல விட்டால்தானே? எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் இங்கே வந்த புதிதில் அந்தக் கைகளுக்கு ஏங்கி அழுதிருக்கிறேன்.

இங்கே ஒரு கப்பல் அலுவலகத்தில் கன்டெய்னர் ஆவணங்களைச் சரிபார்க்கிறேன். கணினி வாசித்துச் சொல்லும். நீளமான எண்கள் மட்டும் காதில் நிற்காமல் நழுவிவிடும். அதற்காகவே ஒரு பிரெயில் மிஷின் வாங்கித் தந்தார்கள். திரையில் உள்ளது விரலுக்கு அடியில் புள்ளிகளாக எழும். நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டில் சுற்றி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

சிரிக்காதீர்கள். நான் படித்த விடுதிப் பள்ளியிலும் இப்படி ஒன்று இருந்தது, பீரோவுக்குள். விருந்தினர் வந்தால் வெளியே வரும், எங்கள் விரல்களை அதன்மேல் வைத்துப் போட்டோ எடுப்பார்கள், மறுபடி பீரோ. பரீட்சைக்குக் கேட்டபோது டீச்சர், "ஒடஞ்சா யாருட்டி வாங்கித் தருவா?" என்றார். விலை உயர்ந்ததைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று என் விரல்கள் படித்துக்கொண்டன.

விளைவு, இங்கே என் எண்களில் பிழைகள். ஒப்பந்தம் முடியும் நேரம். நீட்டிக்காவிட்டால் வேலையோடு விசாவும் போய்விடும். மேலாளர் மரீகா கூப்பிட்டாள்.

"மிஷின் பிடிக்கவில்லையா? வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா?"

"பிடித்ததால்தான் பூட்டி வைத்திருக்கிறேன்."

பள்ளி பீரோவின் கதையைச் சொன்னேன். பிறகு, "உடைந்தால் வேறு வாங்கலாம். ஒரு வாரம் பிழையில்லாமல் வேலை செய். அப்புறம் ஒப்பந்தத்தைப் பேசுவோம்" என்றாள்.

அந்த வாரத்திலா ஆயுத பூஜை வர வேண்டும்! அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். அன்று லாரிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, வண்டி அசையாது. எங்கள் வீட்டில் அது சட்டம். காலையில் மிஷினின் ஓரத்தில் பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தொடவும் பயம், தொடாமலிருக்கவும் பயம். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பொட்டு வச்சியாளா?"

"வச்சிட்டேன்பா. ஆனா இன்னைக்கும் இத ஓட்டணும். இல்லன்னா வேல போயிரும்."



"ஓட்டு மக்கா. அங்கன உம் மிஷின் ஓடட்டும். அதுக்கும் சேத்து இங்கன நம்ம லாரி நிக்கும்" என்றார்.

விரல்களைப் புள்ளிகளின்மேல் வைத்தேன். போனை வைக்க மனமில்லை. ஒரு காதில் எங்கள் வீட்டுப் பூஜை மணி, மறு காதில் கணினியின் அவசரக் குரல். வாரம் பிழையில்லாமல் முடிந்தது, ஒப்பந்தமும் நீண்டது. மிஷினில் ஏதோ சிவப்புக் கறை, துடைக்கட்டுமா என்று மரீகா கேட்டாள். வேண்டாம் என்றேன். டிராயரை இப்போது பூட்டுவதில்லை. காய்ந்த குங்குமம் விரலோரம் நெருட, அதன் பக்கத்திலேயே புள்ளிகள் எழுந்து எழுந்து அமர்கின்றன.