அட்டைகளைச் சேர்த்தவள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொற்களைச் சேர்த்து எழுதக் கற்றுக்கொடுக்க நான் பட்ட பாட்டை என் உத்தியோகத்தில் வேறு எதற்கும் பட்டதில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி. திருப்பூரிலிருந்து மங்கலம் போகிற சாலையில் ஓர் ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் பள்ளிக்கூடம். நாற்பது பிள்ளைகள், ஒரே கரும்பலகை, அதிலும் பாதி இரண்டாம் வகுப்புக்கு. பூவும் கூடையும் சேர்ந்தால் என்ன என்று கேட்பேன். "பூவும் கூடையுமுங்க டீச்சர்" என்று மொத்த வகுப்பும் மரியாதையாகச் சொல்லும். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. பிரம்பை எடுத்துவிடுவேன். அடித்த அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது. ஆனாலும் மறுநாள் மறுபடியும் எடுப்பேன்.

அடித்து ஆகாது என்று தெரிந்த பிறகுதான் அட்டை யோசனை வந்தது. பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அங்கே போய், நசுங்கிப்போய் ஒதுக்கிவைத்திருந்த பனியன் பெட்டிகளைக் கேட்டு வாங்கிவந்தேன். பட்டை பட்டையாகக் கிழித்து ஒவ்வொன்றிலும் பூக்கூடை, பனைமரம், மழைத்துளி, பஞ்சுமூட்டை என்று எழுதி, சொல்லுக்கு நடுவே இரண்டாக வெட்டினேன். கத்தரிக்கோல் மொண்ணை. வெட்டெல்லாம் கோணலும் மாணலுமாக வந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

துண்டுகளைக் கலைத்துத் தரையில் கொட்டியதும், கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் முன்னால் வந்தாள். எட்டு வயதிருக்கும். மற்றவர்கள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பாதியைச் சேர்த்துவிட்டாள். பஞ்சு எந்த மூலையில் கிடந்தாலும் அதன் மூட்டையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை அதிகம் அடி வாங்கியவள் அவள்தான்.

அந்த வருடத்துப் பெற்றோர் தினத்துக்குத் தலைமை தாங்க, பெட்டி கொடுத்த கம்பெனி முதலாளியையே அழைத்திருந்தோம். நான் அந்தப் பெண்ணை நடுவில் உட்காரவைத்து, அவரிடம், "உங்க கடிகாரத்தைப் பாத்துக்குங்க" என்றேன். அவர் அதற்குச் சாவி கொடுத்து முடிப்பதற்குள் முப்பது சொல்லும் வரிசையாகிவிட்டது. முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கை நல்லா ஓடுதுங்க டீச்சர்" என்றார்.

"இந்தக் கை மாதிரி என் கிளாஸ்ல வேற இல்லீங்க" என்றேன் நான், அவளுடைய அம்மா அப்பா காதிலும் விழும்படி. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அந்தப் பெண்ணின் தலையில் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டேன். "அவ கம்பெனிக்குப் போறாளுங்க டீச்சர். பனியன் மடிக்கறாளுங்க."

சண்டை போடுகிற வேகத்தோடு வீட்டுக்குப் போனேன். அம்மாக்காரி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று மோர் கொண்டுவந்தாள். படிப்பு கெட்டுப்போகும் என்றேன். "ஆமாங்க" என்றாள். எட்டு வயதில் வேலைக்கு அனுப்புவது பாவம் என்றேன். "பாவந்தானுங்க" என்றாள். பிறகு எப்போது பள்ளிக்கு அனுப்புவீர்கள் என்றால், "அடுத்த வாரம் அனுப்பறனுங்க." இரண்டு தடவை, மூன்று தடவை போனேன். ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். இந்த மரியாதையோடு யாரால் சண்டை போட முடியும்?

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட வேண்டும். தலைமை ஆசிரியர் எனக்காக மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். அவளை எப்படியாவது இழுத்துவர வேண்டும் என்று, பழைய அட்டைகள் நைந்துபோயிருந்ததால், புதிய அட்டையில் அளவுகோல் வைத்து பிளேடால் நேராக வெட்டி ஒரு கட்டு தயார் செய்தேன். கம்பெனி விடுமுறை நாளில் எடுத்துப்போனேன்.

அவள் வீட்டில் இருந்தாள். அட்டைகளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்தாள், இன்னொன்றின் ஓரத்தில் வைத்தாள், எடுத்தாள், வேறொன்றின் ஓரத்தில் வைத்தாள். மழைக்குப் பக்கத்தில் கூடை. பனைக்குப் பக்கத்தில் மூட்டை. கொஞ்ச நேரத்தில் கையை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, மறந்துபோச்சா?"

"இல்லீங்க டீச்சர். இதுல எல்லாத்துக்கும் ஓரம் ஒரே மாதிரி இருக்குதுங்க."

"அப்ப அதுல என்ன எழுதியிருந்துதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. வெட்டுப் பாத்துத்தானுங்க சேத்துனேன்."

மூன்று வருடப் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளையை நான் ஊரைக் கூட்டி மெச்சியிருக்கிறேன். முதலாளிதான் அவளைச் சரியாகப் பார்த்திருக்கிறார். என்மேல் எனக்கு வந்த வெறுப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஏன் கண்ணு என்கிட்டச் சொல்லலை?"

அவள் அம்மாவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "அந்த அட்டை வந்ததுக்கப்பறந்தானுங்க நீங்க என்னெய அடிக்கறதில்ல" என்றாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. "கம்பெனிலயும் ஆரும் அடிக்கறதில்லீங்க."

அம்மாக்காரி என் கையில் மோர் டம்ளரைக் கொடுத்தாள். "அடுத்த வாரம் கட்டாயம் அனுப்பறனுங்க டீச்சர்" என்றாள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.