மூன்று மோட்டாருக்கு மேல் இல்லை என்றவர்

சவரிமுத்து ஐயா காலமான செய்தியை அவருடைய மைத்துனர் சைக்கிளில் வந்து சொன்னார். "மாமா பூட்டாருப்பா. மூணு நாளு ஜுரம்." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி டிரான்ஸ்பார்மரை யார் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஐயா வில்லியனூரில் எங்கள் மின்சார மேஸ்திரி. நான் அவருக்குக் கீழே சுவிட்சு போடுகிறவன். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த ஐம்பது கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்து நிறுத்தியவர் அவர்தான். ஆள் உயரப் பெட்டியைக் கண்டு ஊரே வாய் பிளந்தது. "இம்மாம் பெருசு, பத்து மோட்டாரு இழுக்காதா?" என்று கேட்டார்கள்.

"ஒடம்பப் பாக்காதீங்க, தகட்டுல எழுதியிருக்கறதப் பாருங்க. உள்ள பாதி எண்ணெய்தான், சூடு ஆத்தறதுக்கு. ஒங்க பதினஞ்சு குதிரைசக்தி மோட்டாரு மூணு தாங்கும். நாலு போட்டா வெந்துடும்" என்பார்.

கிணறுகளோ நான்கு. ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல மின்சாரத்துக்கும் அவர் முறை வைத்தார். தினமும் ஒரு கிணறு சும்மா இருக்கும். பிறகு ஐரோப்பாவில் போர் வந்தது, கப்பல் நின்றது. இந்தப் பெட்டி எரிந்தால் வேறு கிடையாது, நான்கு குடும்பத்துக் கரும்பும் போய்விடும். அன்றிலிருந்து ஐயா நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. பாதியில் கை கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார்.

ஒரு சித்திரையில் அவர் புதுச்சேரிக்குப் போயிருந்த நாள். நான்கு கிணற்றில் ஒன்றுக்குச் சொந்தக்காரனான என் அண்ணன், அன்று முறை இல்லாமலே வந்து நின்றான். "கரும்பு சருகாப் பூடுச்சுடா. ஒரு மணி நேரம் போட்டா இன்னா ஆயிடும்?" நான்காவது மோட்டாரையும் போட்டேன். ஒரு மணி மூன்று மணியாயிற்று. ரயிலிலிருந்து இறங்கியவர் எண்ணெய் காந்தும் வாடை பிடித்து ஓடிவந்து எல்லாவற்றையும் நிறுத்தினார். மாலை வரை ஆறவிட்டோம். மறுபடி போட்டபோது பழைய உறுமல் கேட்டது.

"நான் சாப்பிடப் போன நேரத்தில் அண்ணனே போட்டுவிட்டான்" என்று ஐயாவிடம் பொய் சொன்னேன். அண்ணனும் என் வேலைக்காக வாயைத் திறக்கவில்லை. ஐயா தலையசைத்தார். சுவிட்சு அறையைப் பூட்டாமல் போனது தன் தவறு என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அதனால் அவருக்கு வரவேண்டிய பெரிய வேலை வரவே இல்லை.

நேற்று கல்லறையில் மண் போட்டுவிட்டு அவர் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்னிக்கே தெரியும்பா அவருக்கு. 'அண்ணனுக்காகப் போட்டுட்டான். பயந்து கெடக்கறான், இனிமே போடமாட்டான், வுடு'ன்னாரு" என்றார்.

ஐயா, இன்று அண்ணனுக்கு முறை இல்லை. காலையிலேயே வந்து நின்றான். "அவருதான் பூட்டாரே, இன்னும் இன்னாடா பயம்?" என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் கொடுக்காமல் போய்விட்டான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் போய் வாருங்கள், மூன்றுதான் ஓடுகிறது.