இரண்டு காருக்கு ஒரு பிளக்

பொறாமைக்காரிதான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் என் சின்ன மருமகள் ஒரு காருக்காகக் குடும்பத்தை உடைத்துவிட்டாள் என்று தெருவே பேசுகிறதே, அதற்கு மட்டும் நான் தலையாட்ட மாட்டேன்.

எலும்பு முறிந்து கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. நாலு தெருவுக்கு ஒரு வீடு, வழிநெடுக சிக்னல். பஸ்ஸில் அலைந்து அலுத்தவளுக்காகச் சின்னவன் இரண்டு கார் பார்த்தான். ஒன்று, பெட்ரோலில் ஓடி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும் சாதா ஹைபிரிட். மற்றது, பெட்ரோலும் குடிக்கும், வீட்டில் பிளக் சொருகிச் சார்ஜும் போடலாம். பெரிய மருமகளிடம் இருப்பதும் அந்த ரகம்தான்.

“எனக்கு பிளக் வண்டிதான்,” என்றாள்.

“நின்னு நின்னு ஓட்டுற உனக்கு அது எதுக்குடி?” என்றான்.

“தக்காளி வாங்கப் போற அக்காவுக்கு எதுக்காம்?”

பெரியவள் வண்டியைத் துடைத்தால் இவளுக்கு வயிறு எரியும். நான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கச் சொல்லி ஷோரூமில் அந்தப் பிளக் வண்டியைச் சின்னவளிடம் சில நாள் கொடுத்தார்கள். எங்கள் ஷெட்டில் இருப்பதோ ஒரே பிளக்.

“அக்கா, உங்க வண்டி ஃபுல்லாயிடுச்சு. கழட்டட்டுமா?”

“இருக்கட்டும்மா. இன்னும் ரெண்டு வாய் குடிக்கட்டும்.”

“சாப்பிட்டவங்க எழுந்தாத்தானேக்கா அடுத்தவங்க உட்கார முடியும்?”

இவள் குளிக்கப் போனால் அவள் மாற்றிச் சொருகுவாள். அவள் கண்ணயர்ந்தால் இவள். கடைசியில் இவள் வண்டி தீர்ந்துபோன பேட்டரியைச் சுமந்துகொண்டு பெட்ரோலைக் குடித்தது. ஒருநாள் பிளக்குக்குக் காவல் நின்றதில் வேலைக்கே நேரமாகிவிட்டது. கால் முறிந்து கிடந்து, அன்று முதல்முறை காலை ஊன்றிப் பார்க்க இவளுக்காகக் காத்திருந்த தபால்காரர், “ஏம்மா, உன் காலுக்கும் கட்டுப் போட்டுட்டாங்களா?” என்று கேட்டிருக்கிறார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாளே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதா ஹைபிரிட்டை வாங்கிவிட்டாள்.

அத்தோடு தீர்ந்ததா? இப்போது பெரியவளுக்குப் பிடித்தது பேய். “சொருகவே வேண்டாமாமே! எனக்கு ஏன் யாரும் சொல்லல?” என்று என் மூத்த மகனைப் பிய்த்தெடுத்தாள். ஷெட் வாசலை அடைத்துத் தன் வண்டியை நிறுத்த ஆரம்பித்தாள்.

சின்னவள் சண்டை போடவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“தனியா வீடு பாத்துட்டோம், அத்தை.”

“வண்டியை நகர்த்தச் சொல்லி நான் அவகிட்ட பேசுறேன்டி.”

“அவங்க நகர்த்திடுவாங்க. என் கண்ணை எங்க கொண்டு போய் வைக்கிறது? அடுத்து அவங்க என்ன வாங்குறாங்கன்னுதான் பாத்துட்டு இருப்பேன். வேலையில மனசு நிக்கணும், அத்தை.”

தன் குறையைத் தானே சொன்னவளை நான் எப்படித் தடுப்பேன்?

சின்னவன் சாமான்களோடு முன்னால் போனான். இவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு வாசலைத் தாண்டினாள். ஜன்னலில் பெரியவள் நின்றிருந்தாள், புதுச் சேலை. சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில்தான் அந்த ஜன்னலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.