அக்கா சொல்லிக்கொடுத்த பதில்கள்

தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு வயது. மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கி முப்பத்தைந்து வருஷமாகிறது. அக்கா கோவிந்தம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவர் மறந்துபோனதைக்கூட, எல்லாம் அந்தப் பழைய நோய்தான் என்று விட்டுவிட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் விடவில்லை. "வயசாகுது, ஞாபகத்தையும் சோதிக்கணும். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார். கோவிந்தம்மா பயந்துபோனாள். பதில் சொல்லாவிட்டால் தம்பியை ஏதாவது ஹோமில் தள்ளிவிட்டால்?

ஒரகடத்துக் கம்பெனி கேட்டில், இன்டர்வியூ முடித்து வருகிறவன் வெளியே நிற்கிறவனுக்குக் கேள்விகளைச் சொல்லிவிட்டுத்தான் போவான். அவள் மகனுக்கு வேலை கிடைத்ததே அப்படித்தான். அன்று அதே ஞாபகச் சோதனை முடித்து டாக்டர் அறையிலிருந்து வந்த ஒரு பெரியவரை அவளும் மறித்துக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் முழுக்கத் தம்பியை உருப்போட வைத்தாள். என்ன மாதம், இது எந்த ஊர், டாக்டர் சொல்லிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் மூன்று சொற்கள். சரியாகச் சொன்னால் கையில் ஒரு முறுக்கு.

டாக்டர் முன்னால் அவர் தடுமாறவே இல்லை. "நல்லாவே இருக்காரு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

கோவிந்தம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பென்னலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பிறந்து வளர்ந்த தெருவைத் தாண்டி அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"எங்கடா போற? வூடு இந்தாண்ட கீது. இது இன்னா ஊருடா?"

"ஸ்ரீபெரும்புதூர்" என்று பட்டென்று சொல்லிவிட்டு, முறுக்குக்குக் கையை நீட்டினார்.