ஊறப் போட்ட சிமெண்டு

சிமெண்டை நான் முதலில் அறிந்தது காகிதத்தில்தான். யுத்த காலத்தில் சமஸ்தானத்துக் கச்சேரி ஒன்றில் சிமெண்டு பர்மிட் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். இரண்டு வருஷம் மூட்டை மூட்டையாக எழுதித் தள்ளியும் அந்தச் சாமானை ஒரு முறைகூட விரலால் தொட்டதில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கண்மாய்க் கோப்புகளைக் கவனித்த என் மேலதிகாரிக்கு நீச்சல் தெரியாது.

ஒருநாள் வேலை ஓய்ந்த நேரத்தில், கச்சேரி அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஒட்டுவது, இணைப்பது என்று போட்டிருந்தது. பல் வைத்தியர் சொத்தைப் பல்லில் அடைப்பதும் சிமெண்டாம். உடைந்த பீங்கானை ஒட்டும் பசையும் சிமெண்டாம். மணலை இறுகப் பிடித்துப் பாறையாக்குகிற பொருளுக்கும் அதே பெயராம். எங்கள் விண்ணப்பப் பாரத்திலோ 'உபயோகம்' என்ற கலத்தில் மூன்றுதான் அச்சாகியிருந்தன: வீடு, கிணறு, இதர. பல் 'இதர'வில் அடங்கும் என்று தீர்மானித்து அகராதியை மூடினேன்.

அந்த வருஷம் ஆவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கிணற்றுக்காக இரண்டு மூட்டை வாங்கிப் போனார். செம்புறாங்கல் வைத்துக் கட்டிய கிணறு. மேற்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. ஐப்பசி மழைக்குள் பிரித்துக் கட்டாவிட்டால் சுவர் உள்ளே விழுந்து கிணறு தூர்ந்துவிடும். அவருடைய நிலத்துக்கு வேறு தண்ணீர் கிடையாது.

ஒரு மாதமாகியும் அவரிடமிருந்து உபயோகச் சான்று வரவில்லை. வராவிட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. கரியில் ஓடும் பஸ்ஸில் பாதி தூரமும் காலால் மீதி தூரமும் போய்ச் சேர்ந்தேன்.

சுவர் அப்படியே வயிறு தள்ளி நின்றது. பக்கத்தில் சுண்ணாம்பு ஊறப் போடும் குழி. அது நிறையச் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை. அதன்மேல் முனை மழுங்கிய கடப்பாரை கிடந்தது.

"சிமெண்டு எங்கய்யா?" என்றேன்.

விவசாயி குனிந்து தன் கால் விரலைப் பார்த்தார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"இதாங்க. நல்லாப் பாத்துக்கங்க. ஒரு வாரமா ஊறப் போட்டாரு இந்த மனுசன்."

"கொத்தனாரு வாரதுக்குள்ள பதமா இருக்கட்டுமேன்னுதாங்க," என்றார் அவர். "சுண்ணாம்ப அப்படித்தானங்க செய்வோம்? ஊற ஊறத்தான வெண்ணெயா வரும்?"

"மறுநாளே கெட்டியாயிருச்சேன்னு கேட்டேன். 'தண்ணி பத்தலடி'ன்னுட்டு இன்னும் ரெண்டு கொடம் ஊத்துனாருங்க! கொத்தனாரு வந்து மம்பட்டியப் போட்டாரு, பொறி பறந்துச்சு. அங்கிட்டுப் போயி நின்னு சிரிச்சவருதான், இங்கிட்டுத் திரும்பவே இல்ல."

பர்மிட்டை வாங்கிப் படித்தேன். பதினான்கு நிபந்தனைகள். விற்கக் கூடாது, கைமாற்றாகத் தரக் கூடாது, எல்லை தாண்டி அறந்தாங்கிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, காலிச் சாக்கைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீர் சேர்த்தவுடன் பூசிவிட வேண்டும் என்று ஒரு வரி இல்லை. எழுதியவனுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

குழிக்குள் இறங்கிப் பாறையை விரலால் தட்டினேன். குடம் வைத்த வட்டம் ஒன்று பதிந்திருந்தது. ஓரத்தில் ஒரு கோழியின் காலடி, நகம் உட்பட. காய்ந்ததால் இறுகியிருக்கும் என்று நினைத்தேன். வாரம் முழுக்க மேலே தண்ணீர் நின்றது என்றார்கள். தண்ணீரைக் குடித்துக் குடித்தே கல்லாகிற பொடி! இரண்டு வருஷமாக நான் எழுதிக் கொடுத்தது இதைத்தானா என்று அந்தக் கோழிக்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க எழுதப் போறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டதும்தான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

'வீணானது' என்று எழுதினால் விசாரணை. அது முடியும்வரை அந்தக் கிணற்றுக்கு ஒரு மூட்டைகூடக் கிடைக்காது. ஐப்பசி அதற்காகக் காத்திருக்காது. 'கிணற்றில் உபயோகப்பட்டது' என்று எழுதலாம். ஆனால் அது கிணற்றில் இருக்க வேண்டுமே.

"சுவருக்குப் பின்னால எதப் போட்டு அடைப்பீங்க?"

"ஒடஞ்ச கல்லுங்க."

"இது ஒடஞ்சா என்ன?"

அவர் விழித்தார். "ஏங்க, நிக்கிறீங்களே, கடப்பாரைய எடுங்க," என்றார் மனைவி.

பின்னடைப்புக்கு வழி பிறந்தது. கட்டுவதற்கு? நிலத்தின் காகிதங்களைக் கேட்டேன். கிணறு வரப்பின்மேல் இருந்தது. கிழக்குப் பாதி, தகப்பன் கொடுத்த நிலமாக, அந்த அம்மாளின் பட்டாவில் இருந்தது. எங்கள் விதி ஒரு விண்ணப்பதாரருக்கு ஒரு தடவை என்றது. ஒரு கிணற்றுக்கு ஒரு தடவை என்று சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்தே அந்த அம்மாள் பெயரில் விண்ணப்பம் எழுதினேன். பெருவிரல் ரேகை வைத்தார்.

புது பர்மிட்டில், தண்ணீர் சேர்த்தவுடன் பூச வேண்டும், ஊறப் போடக் கூடாது என்று பதினைந்தாவது நிபந்தனையை என் கையால் எழுதினேன். எந்த உத்தரவின்படி என்று கேட்டு மேலதிகாரி அடித்துவிட்டார். ஆகவே அந்த அம்மாள் பர்மிட் வாங்க வந்தபோது வாயால் சொன்னேன்.

"கொடத்த நான் வச்சுக்கிறேங்க. அவரு கண்ணுலயே காட்ட மாட்டேன்."

ஐப்பசி போய்க் கார்த்திகையில் மறுபடி பார்வைக்குப் போனேன். நல்ல மழை பெய்திருந்தது. சுவர் நேராக நின்றது. தண்ணீர் கையெட்டும் உயரத்தில் கிடந்தது. கோழிக்கால் பதிந்த துண்டை மட்டும் உடைக்காமல் கிணற்றடியில் துவைகல்லாகப் போட்டிருந்தார்கள்.

விவசாயி அதைக் காலால் தட்டிக் காட்டினார். "புதுசா பூசுனதுல அங்கங்க கீறல் விட்டிருக்குங்க. இதுல ஒண்ணு இருக்கான்னு பாருங்க. என்ன இருந்தாலும் ஊறப் போட்டதுதாங்க கெட்டி."

"ஆமா, இன்னொருக்கா ஊறப் போடுங்க," என்றார் மனைவி, நனைந்த சேலையை அந்தக் கல்லில் ஓங்கி அடித்துக்கொண்டே.