ஊது அக்காவின் எண்

அப்பா அம்மா வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் சர்ஜன் அம்மா வரை எல்லோருக்கும் அவள் ‘ஊது அக்கா’. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களை அதற்குள் சிகரெட்டை விட வைப்பது எப்படி என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆட்களை உட்கார வைத்து, கையடக்கக் கருவியின் குழாயில் ஊதச் சொல்லி எண்ணைப் பார்ப்பது அவள் வேலை. புகை உள்ளே போயிருந்தால் எண் ஏறும். கருவி பொய் சொல்லாது. அந்தக் குறையை ஊதுகிறவர்கள் தீர்த்து வைப்பார்கள்.

“நான் விட்டுட்டேம்மா, இது பக்கத்து வீட்டுக்காரன் புகை” என்பார் ஒருவர். “பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னேன்” என்பார் இன்னொருவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தக் கூட்டத்தை அவள் வெளுத்து வாங்குவாள். கருவியே அவளுக்கு வேண்டாம். ஆள் படியேறும்போதே மூக்கு சொல்லிவிடும். பெப்பர்மின்ட் மென்றுகொண்டு வந்தால் திட்டு இரண்டு மடங்கு.

அவள் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன்; அவளுக்குப் பயந்து வீட்டுக்கு வெளியே வைத்துப் பல வருஷமாகப் புகைக்கிறவர். நீண்ட நாள் புகைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஸ்கேன் அதே ஆஸ்பத்திரியில் உண்டு. “சும்மா ஒரு தடவை படுத்து எந்திரிங்க” என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இடது நுரையீரலில் சின்னதாக ஒரு கட்டி. நல்லதா கெட்டதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம்.

“சிகரெட்டை விட்டாதான் கத்தியைத் தொடுவேன்” என்றார் சர்ஜன் அம்மா.

“அவருக்கு நான் பொறுப்பு டாக்டர். வீட்ல தீக்குச்சி உரசினாலே எனக்கு மூக்கு வேர்த்துடும்.”

அந்த ஒரு வார்த்தையை நம்பித் தேதி குறித்தார்கள். குறித்த மறுநாளே அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு சுத்தமாக அடைத்துக்கொண்டது. காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தினமும் முதல் ஆள் வருவதற்கு முன் புகைக்காத ஒருவர் ஊதிக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். அது எப்போதும் அவள்தான்; எண் எப்போதும் ஒன்றுதான். அன்று ஏழு காட்டியது. குழாயை மாற்றினாள். ஏழு. பேட்டரியை மாற்றினாள். ஏழேதான். கருவியைத் திட்டிக்கொண்டே, ஆராய்ச்சியில் புதிதாகச் சேர்ந்திருந்த சின்ன டாக்டரை ஊதச் சொன்னாள். ஒன்று.

சின்ன டாக்டர் கதவைச் சாத்தினார். “அக்கா, இங்க யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம். மனசுல எதுவா இருந்தாலும் சொல்லுங்க” என்றார். நோயாளிகளிடம் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

“ஐயோ, நான் பிடிக்கல டாக்டர்! இது பக்கத்துல யாரோ…”

வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்ததும் அவள் நிறுத்தினாள். பக்கத்தில் யார்? ராத்திரி முழுக்கப் பக்கத்தில் யார்? அடுத்த நிமிடம் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஜன்னலெல்லாம் சாத்திய படுக்கையறையில், ஒரு பழைய ஸ்விட்ச் மூடியில் சாம்பலைத் தட்டிக்கொண்டு, கையும் களவுமாக மாட்டினார் மனுஷன்.

“என் மூக்கு அடைச்சது உங்களுக்கு வசதியாப் போச்சா?”

“உனக்குச் சளியாச்சேன்னுதான் ஜன்னலைச் சாத்தினேன்” என்றார்.

அதற்கும் சேர்த்துத் திட்டினாள். மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது அவர் மெதுவாகச் சொன்னார்: “எண் ஏறினா தேதி தள்ளிப்போகும்ல? தேதி வந்தா எடுத்துப் பார்த்துடுவாங்க. பார்த்தா தெரிஞ்சுடும். தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்லைன்னு இருக்கலாமேன்னு பார்த்தேன்.”

கரண்டை வெறுங்கையால் தொடுகிற மனுஷன் இவர். அவளுக்குத் திட்டு வரவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் திடீரென்று எண் ஏறிப்போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். வைராக்கியம் இல்லாத ஜென்மங்கள் என்று அவர்களை எப்படியெல்லாம் பேசியிருக்கிறாள்! கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அடைத்த மூக்கோடு அழுவது இன்னும் பெரிய கஷ்டம்.

“எனக்கும் பயமாத்தாங்க இருக்கு.”

“நீயா? ஊரையே ஊத வெச்சவளாச்சே!” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு சிகரெட் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். “இந்தா.”

“இன்னொண்ணு எங்க?”

“எது?”

“ஒண்ணைத் தானாக் கொடுக்கிறவங்ககிட்ட எப்பவும் இன்னொண்ணு இருக்கும்.”

அவர் பெருமூச்சு விட்டு, ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டைக் கழற்றப் போனார்.

சர்ஜன் அம்மாவிடம் அவளே போய் உண்மையைச் சொன்னாள். வீட்டுக்காரர் ஆசைப்பட்டபடியே தேதி தள்ளிப்போனது. ஆனால் இந்த முறை அவள் வார்த்தையை யாரும் கேட்கவில்லை; கருவிதான் பொறுப்பு. திண்டாடி, எரிந்து விழுந்து, பெப்பர்மின்ட் டப்பாக்களைக் காலி செய்து, அவர் விட்டே விட்டார்.

ஆபரேஷன் அன்று காலை கருவியை அவர் முன்னால் நீட்டினாள்.

“ஊதுங்க.”

ஊதினார். எண் வந்தது. ஒன்று.

அத்தனை வருஷ வேலையில், கொஞ்சம் ஏறித்தான் வந்திருக்கக் கூடாதா என்று அவள் நினைத்தது அன்று ஒருநாள்தான். பிறகு, சர்ஜன் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி, “ஒண்ணு டாக்டர்” என்றாள்.