ஒரு கண்ணி அதிகம்

ஆர்லிஸ் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமை காரணமில்லை. படிப்பு ஏறவில்லை என்பதும் இல்லை. பத்தாம் வகுப்பில் மேடைப்பேச்சு என்று ஒரு பாடம் வைத்தார்கள். ஒவ்வொருவராக வகுப்பின் முன்னால் நின்று, தனக்குப் பிடித்த எதையாவது பற்றிப் பேச வேண்டும். ஆர்லிஸின் முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று காலை பள்ளிப் பேருந்தின் சத்தம் கேட்டதும் அவள் மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டாள். பேருந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிற்று. மறுநாளும் அப்படியே. வாரக் கடைசியில் அப்பா சாப்பாட்டு மேசையில் கேட்டார்:

"ஸ்கூல் முடிஞ்சிருச்சா?"

"கிட்டத்தட்ட" என்றாள்.

வடக்கு மினசோட்டாவில் ஒரு அப்பாவும் மகளும் ஒரு விஷயத்தை இதற்கு மேல் கிளறுவதில்லை.

பிறகு அவள் வான்கோழி வெட்டும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லாம் கைஜாடைதான். இப்படி ஒரு நிம்மதியைக் கொடுத்துவிட்டு அதற்குச் சம்பளமும் தருகிறார்களே என்று ஆர்லிஸுக்கு வெகுநாள் ஆச்சரியம்.

வெர்லின் அந்தக் காலத்தில்தான் வந்தான். வீடுகளைச் சூடாக்கும் ஹீட்டரைப் பழுது பார்ப்பது அவன் தொழில். ஆர்லிஸ் வீட்டு ஹீட்டரை ஒரு மத்தியானத்தில் சரிசெய்துவிட்டான். அதன் பிறகு குளிர்காலம் முழுக்க வந்து, "சூடு சரியா வருதா?" என்று விசாரித்தான். ஜூலை மாத வெயிலில் வந்து நின்று, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டபோதுதான் வீட்டாருக்கு விஷயம் புரிந்தது.

கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதன். ஆனால் அவனுக்குச் சொந்தபந்தம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் காபி, பிறகு யார் வீட்டிலாவது விருந்து. எங்கே போனாலும், "என்ன ஆர்லிஸ், நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே" என்று யாராவது ஒருவர். வெர்லினின் தங்கை லவான் இதைச் சொல்லாத நாளே கிடையாது. ஆர்லிஸ் சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அந்த மாவட்டத்திலேயே அதிகப் பாத்திரம் கழுவிய பெண் அவளாகத்தான் இருப்பாள்.

இப்படி இருக்கும்போது வெர்லினின் சித்தப்பா இறந்துபோய், அவருடைய படகு வெர்லினுக்கு வந்தது. நீளமான படகு, சின்ன அறைகூட உண்டு. முதல் நாள் ஏரியின் நடுவில் மோட்டாரை நிறுத்தியதும் ஆர்லிஸ் சுற்றிலும் பார்த்தாள். தண்ணீர். அதற்கப்பால் பைன் மரங்கள். கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லை. மீன் பிடிக்கும்போது வெர்லினும் வாயைத் திறக்க மாட்டான். அன்றிலிருந்து மே மாதம் முதல் ஏரி உறையும் வரை அவள் அந்தப் படகுக்காகத்தான் வாரத்தை ஓட்டினாள். மீன் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் இன்னும் சரி.

படகில் ஒரே குறை, அதன் எடை. அதை டிரெய்லரில் ஏற்றிக் காரின் பின்னால் மாட்டினால் காரின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். முன் சக்கரங்கள் சாலையை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டு போகும். ஒரு வருடம் இப்படியே போய்ப் படகுத்துறையில் இருந்த அறிவிப்புப் பலகையைச் சாய்த்தார்கள். மறு வருடம் காரின் மூக்கைப் பற்றிய கவலையிலேயே படகின் அடி ஓட்டையை அடைக்கும் தக்கையை மாட்ட வெர்லின் மறந்துவிட்டான். படகு தண்ணீரில் இறங்கியது, தண்ணீர் படகில் ஏறியது. இரண்டையும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர் பார்த்தது. மீன்பிடிப் பருவம் தொடங்கும் சனிக்கிழமை அந்த ஊருக்குத் திருவிழா மாதிரி. மீனைவிடத் துறையில் நடக்கிற கூத்தைப் பார்க்கத்தான் கூட்டம் அதிகம்.

லவானின் கணவன் கேலனிடம் பெரிய டிரக் இருந்தது. படகு இல்லை. ஈஸ்டர் விருந்தில் அவன் உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்து, வெர்லினின் கார் போன வருடம் எப்படிப் போனது என்று மேசைக்கே நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். வெர்லின் காது சிவக்கச் சொன்னான்:

"இந்த வருஷமும் துறையில நான் அசிங்கப்பட்டேன்னா, படகை நீயே எடுத்துக்க கேலன்."

உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்த ஆர்லிஸின் கரண்டி அந்தரத்தில் நின்றது. கேலன் தட்டைக் குனிந்து பார்த்தபடி, "ஐயோ, அதெல்லாம் எதுக்கு" என்றான். ஆனால் அவன் மனதுக்குள் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது ஆர்லிஸுக்குத் தெரிந்தது.

தேவாலயத்தில் ஒரு வயதான தம்பதி முகாம் வண்டியை விற்றுவிட்டு, அதன் எடை பகிரும் கொக்கியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்கள். வெர்லின் அதை வாங்கி வந்தான். சாதாரணக் கொக்கியோடு இரண்டு நீளமான எஃகுத் தண்டுகள். அவை டிரெய்லரின் கழுத்துக்குக் கீழே பின்பக்கமாக நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியையும், இரும்புக் குழாயைப் போட்டு நெம்பி, ஒரு சங்கிலியால் மேலே இழுத்துக் கட்ட வேண்டும். தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்குகிற மாதிரி அந்தத் தண்டுகள் காரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். பின்னால் உட்கார்ந்த எடையில் கொஞ்சம் முன் சக்கரத்துக்குப் போகும், கொஞ்சம் டிரெய்லர் சக்கரத்துக்குப் போகும். அந்த வீட்டம்மாள் இதையெல்லாம் செய்து காட்டியபோது வெர்லின் அவள் கணவனோடு ஹீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது அவளுக்குச் சிரமமில்லாத வேலை.

பருவம் தொடங்கும் சனிக்கிழமை காலை. வெர்லின் சங்கிலியை மாட்டினான். கார் மட்டமாக நின்றது. தள்ளி நின்று பார்த்தான். கேலனின் உள்ளங்கை ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பிப் போய்ச் சங்கிலியில் இன்னும் ஒரு கண்ணி இறுக்கினான். இப்போது காரின் பின்பக்கம் தீனி தேடுகிற வாத்து மாதிரி மேலே நின்றது.

"எப்படி இருக்கு?" என்றான்.

ஆர்லிஸ் யோசித்தாள். "வித்தியாசமா இருக்கு" என்றாள்.

அந்த ஊரில் இதைவிடக் கடுமையாக ஒன்றைத் திட்ட முடியாது. வெர்லின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் சங்கிலியைத் தொடாமல் காரைக் கிளப்பினான்.

சாலையிலிருந்து துறைக்குத் திரும்பும் இடத்தில் மழைத்தண்ணீர் போக ஒரு பள்ளம் உண்டு. கார் அதில் இறங்கி ஏறியது. முன் சக்கரங்கள் அந்தப் பக்க மேட்டில், டிரெய்லர் இந்தப் பக்க மேட்டில், கொக்கி சரியாகப் பள்ளத்துக்கு மேலே. கார் நின்றுவிட்டது. வெர்லின் ஆக்சிலேட்டரை அழுத்தினான். பின் சக்கரம் சுழன்றது, சரளைக்கல் பறந்தது, கார் நகரவில்லை. ஏற்கெனவே அதிகம் இறுகியிருந்த தண்டுகள் அந்த வளைவில் காரின் முதுகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டன. பின் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன.

பின்னால் படகுகளோடு வரிசை நின்றது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு, காபிக் குவளையோடு இறங்கி வந்தார்கள். எல்லோர் வாயிலிருந்தும் குளிரில் புகை வந்தது.

"காலை வணக்கம் வெர்லின்."

"வணக்கம் பாஸ்டர். உங்க கார் மேல கல்லு பட்டுச்சோ?"

"ஒண்ணுமில்லப்பா, பழைய பெயின்ட்தான். நிதானமாப் பாரு, மீன் எங்க போயிடப் போகுது?"

"புதுக் கொக்கியா?" என்றார் இன்னொருவர்.

"ஆமா."

"வித்தியாசமா இருக்கு."

வெர்லினுக்கு வியர்த்தது. "பின்னாடி எடை பத்தல. யாராவது பம்பர்ல ஏறி நிக்க முடியுமா?"

யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான்கு பெரிய ஆட்கள் குவளையைச் சிந்தாமல் பம்பரில் ஏறி நின்றார்கள். பாஸ்டரும் ஏறினார். சக்கரம் இன்னும் கொஞ்சம் கல்லை வாரி இறைத்தது. கரையில் நாற்காலியில் இருந்த லவான், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கோடு வந்துசேர்ந்தாள்.

"ஒரு துண்டு எடுத்துக்குங்க பாஸ்டர்."

"ஐயோ வேண்டாம்மா, இப்பத்தான் சாப்பிட்டேன்."

"சின்னத் துண்டுதான்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்."

"பரவாயில்ல, எடுத்துக்குங்க."

"சரி, அவ்வளவு சொல்றதால." மூன்றாம் முறை கேட்ட பிறகு பம்பரில் நின்றபடியே பாஸ்டர் கேக்கை எடுத்துக்கொண்டார். முறை அதுதான். முதல் தடவையே வாங்குகிறவன் பேராசைக்காரன். மூன்றாம் தடவையும் மறுக்கிறவன் திமிர் பிடித்தவன்.

காருக்குள் உட்கார்ந்திருந்த ஆர்லிஸ், கேலனைப் பார்த்தாள். அவன் வெர்லினைப் பார்க்கவில்லை. படகின் பக்கவாட்டைக் கையால் தடவி, பெயின்ட் உரிந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

டிரெய்லரின் கழுத்தில் இருந்த ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள். கழுத்தோடு சேர்ந்து காரின் பின்பக்கமும், பம்பரில் நின்ற ஐந்து பேரும் மெதுவாக மேலே போனார்கள்.

"நாங்க இறங்கணுமா ஆர்லிஸ்?" என்றார் பாஸ்டர், வாயில் கேக்கோடு.

அவள் தலையாட்டினாள். ஒவ்வொருவராக, "முதல்ல நீங்க", "இல்லயில்ல, நீங்க" என்று இறங்கினார்கள். சங்கிலி தளர்ந்தது. அவள் குழாயைப் போட்டு நெம்பி இரண்டு பக்கமும் சங்கிலியைக் கழற்றினாள், ஜாக்கியை இறக்கினாள். காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்டது போல் தரையில் அமர்ந்தது. வெர்லின் ஆக்சிலேட்டரைத் தொட்டதுமே கார் மேடேறித் துறைக்குள் போய்விட்டது.

"நானும் அந்தச் சங்கிலிதான்னு நெனச்சேன்" என்றார் ஒருவர்.

"நானும்தான். சொன்னா அவன் மனசு கஷ்டப்படுமேன்னு."

"நான் பம்பர்ல நிக்கும்போதே நெனச்சேன்" என்றார் பாஸ்டர்.

வெர்லின் காரிலிருந்து இறங்கினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கேலனிடம் நடந்தான். கூட்டமும் நாகரிகமாக, வேறு எங்கோ போவது போல, பின்னாலேயே நடந்தது.

"சொன்ன சொல் சொன்னதுதான் கேலன். படகை எடுத்துக்க."

"ஐயோ, வேண்டாம் வெர்லின்."

ஆர்லிஸ் கையில் குழாயோடு அப்படியே நின்றாள்.

"இல்ல, நெஜமாத்தான் சொல்றேன். எடுத்துக்க."

"அது எப்படிப்பா, உன் சித்தப்பா படகு. எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டுக் கேலன் டிரக்கின் சாவி இருக்கிற பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வெர்லின் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

"அவர்தான் வேண்டாங்கிறாரே!" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். அது யாருடைய குரல் என்று பலருக்கு உடனே பிடிபடவில்லை. ஆர்லிஸின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ரெண்டு தடவ கேட்டாச்சு, ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டார். விருப்பமில்லாதவரை ஏன் கட்டாயப்படுத்துற வெர்லின்? நல்லாவா இருக்கு?"

"ஊஃப்தா!" என்றார் பாஸ்டர் மெல்ல. நெருப்பு, மரணம், பெருவெள்ளம் எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான்.

எனக்கு வேண்டும் என்று கேலன் சொல்லலாம். ஆனால் அப்படி ஒரு வாக்கியத்தை அவன் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. இப்போது இத்தனை பேர் முன்னால், ருபார்ப் கேக் வாசனையில், எப்படித் தொடங்குவது?

"அதான், நான்… வேண்டாம்னுதான்…" என்றான்.

"அப்ப சரி" என்றாள் ஆர்லிஸ்.

லவான் அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கடைசியாக ஆர்லிஸைப் பார்த்தாள். இத்தனை வருடம் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று குறைப்பட்டவள், இப்போது கேக் தட்டை மட்டும் நீட்டினாள். ஆர்லிஸ் முதல் தடவையிலேயே ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். பெரிய துண்டு.

படகு தண்ணீரில் இறங்கியது. இந்த முறை தக்கை இருந்தது. ஏரியின் நடுவில் வெர்லின் மோட்டாரை நிறுத்தினான். இரண்டு பேரும் தூண்டிலைப் போட்டார்கள். தண்ணீர் படகில் மோதிக்கொண்டிருந்தது.

"நான் மூணாவது தடவ கேட்டிருக்க மாட்டேன்" என்றான் வெர்லின்.

"உன் வாய் திறந்திருந்துச்சு."

"அது கொட்டாவி."

ஆர்லிஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். "ஊரே பாத்துக்கிட்டு நிக்குது, என் படகு போகுதா இருக்குதான்னு எனக்கு உசிரே இல்ல, நீ அங்க நின்னு கொட்டாவி விட்டியா?"

'என் படகு' என்று அவள் சொன்னது வெர்லினின் காதில் விழுந்தது. படகு சித்தப்பாவுடையது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். அவள் மடியில் அந்த இரும்புக் குழாய் இன்னும் இருந்தது.

"உன் தூண்டில் ஆடுது" என்றான்.

ஆடவில்லை. ஆனாலும் அவள் எட்டிப் பார்த்தாள்.